இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான்: மீன் கழுவிய தண்ணீரைத் தெளிய வைக்கும் செய்முறை

குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று மீன் இறங்கும் இடம் எதுவானாலும் இரண்டு கழிவுகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஒன்று மீன் கழுவி ஊற்றிய கலங்கல் தண்ணீர். மற்றது உரித்துப் போட்ட இறால் தொலி. இந்தத் தொலியில் இருக்கும் கைட்டினைக் கைட்டோசானாக மாற்றினால், அதை வைத்தே அந்தத் தண்ணீரைத் தெளிய வைக்கலாம். அரைக் கிலோ காய்ந்த ஓட்டிலிருந்து தொடங்கி, 200 லிட்டர் டிரம் ஒன்றைத் தெளிய வைப்பது வரையிலான வேலை இங்கே இருக்கிறது. எந்த இடத்தில் தவறும், ஏன் தவறும் என்பதையும் அங்கங்கே சேர்த்திருக்கிறோம்.

மீன் கழுவிய தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்தாலும் தெளியாது. செதிலும் துண்டும் அடியில் இறங்கும், மேலே இளஞ்சிவப்பான கலங்கல் அப்படியே நிற்கும். அதில் மிதக்கும் புரதத் துணுக்கும் கொழுப்புத் துளியும் எதிர்மின்சுமை கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் சேர்ந்து கனமாவதில்லை. கைட்டோசான் நேர்மின்சுமை கொண்ட நீண்ட சங்கிலி. துணுக்குகளின் சுமையை அது தணிக்கிறது, ஒரே சங்கிலி பல துணுக்குகளைக் கோத்துக் கட்டியும் விடுகிறது. அளவு முக்கியமாவது இதனால்தான். குறைந்தால் துணுக்குகள் கட்டுப்படாது. கூடினால் ஒவ்வொரு துணுக்கின் மேலும் கைட்டோசான் போர்த்து, எல்லாம் நேர்மின்சுமைக்கு மாறி மறுபடியும் ஒன்றையொன்று தள்ளும். தெளிந்து வந்த தண்ணீர் திரும்பக் கலங்குவது அப்போதுதான்.

ஓடு

உரித்த அன்றைக்கே கழுவ வேண்டும். ஒரு ராத்திரி சாக்கில் கட்டி வைத்துவிட்டால் நாற்றம் மட்டுமல்ல, கைட்டின் சங்கிலியும் சிதையத் தொடங்கிவிடும். தலைக்குள் இருக்கும் மஞ்சள் சதையை விரலால் வழித்து எறிந்துவிடுங்கள். அதிலுள்ள கொழுப்பு பின்னால் எல்லாப் படியிலும் தொந்தரவு தரும். ஈர ஓடு 2 கிலோ எடுத்தால், வலையில் பரப்பி இரண்டு நாள் வெயில் காட்டியபின் சுமார் 500 கிராம் நிற்கும். கையில் எடுத்தால் படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

உரலில் இடித்து 2 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால் போதும். மிக்ஸியில் மாவாக அரைக்கும் ஆசை வரும், வேண்டாம். மாவு அமிலத்தில் நுரைத்துப் பொங்கும், துணியை அடைக்கும், ஒவ்வொரு அலசலிலும் தண்ணீரோடு போய்விடும். நண்டு ஓடும் கிடைக்கும்தான். ஆனால் அதில் சுண்ணாம்பு அதிகம், அமிலமும் அதற்கேற்பக் கூடுதலாகச் செலவாகும். முதல் முறைக்கு இறாலே நல்லது.

சுண்ணாம்பை எடுப்பது

20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் 7 லிட்டர் தண்ணீர். அதில் ஹார்டுவேர் கடை ஹைட்ரோகுளோரிக் ஆசிட், சீட்டில் 30 முதல் 33 சதவீதம் என்று போட்டிருப்பது, 700 மில்லி. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. கிட்டத்தட்ட 1 நார்மல் கரைசல், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) ஆசிட், கிடைக்கும். எவர்சில்வர் பாத்திரம் இந்தப் படிக்கு ஆகாது, ஆசிட் அதை அரித்துவிடும்.

இறால் ஓட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு என்று வைத்தால், 500 கிராம் ஓட்டுக்குச் சுமார் 3.5 மோல் ஆசிட் வேண்டும். வாளியில் இருப்பது அதன் இரண்டு மடங்கு. மீதி வேண்டுமென்றே வைத்தது, கடைசித் துண்டின் உள்பக்கம் வரை அமிலம் இறங்க வேண்டுமே.

ஓட்டை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். இவ்வளவு சுண்ணாம்பு கரையும்போது 40 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளிவரும். ஓட்டிலுள்ள புரதம் அந்த வாயுவைப் பிடித்து நுரையாக்கும். பதநீர் பொங்குவதைப் போல விளிம்பு வரை ஏறி வரும். ஒரு கைப்பிடி போட்டு, நுரை இறங்கியபின் அடுத்த கைப்பிடி என்று போனால் அரை மணி நேரத்தில் முடியும். பிறகு இரண்டு மணி நேரம், அவ்வப்போது மரக்கோலால் கிளற வேண்டும்.

முடிந்ததா என்று பார்க்க ஒரு துண்டை எடுத்து அலசி, புது ஆசிட் ஒரு சொட்டு விடுங்கள். குமிழ் வரக் கூடாது. துண்டு மெத்தென்று, நனைந்த காகிதம் போல வளையும். இதற்குப் பிறகு ஆசிட்டில் விட்டுவைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ராத்திரி விட்டால் அமிலம் கைட்டின் சங்கிலியையே வெட்டத் தொடங்கும். அப்படி வந்த கைட்டோசானும் கரையும், தண்ணீரைத் தெளியவும் வைக்கும். ஆனால் துணுக்குகள் சேர்ந்து உருவாகும் திரள் பொடியாக, உறுதியில்லாமல், கிளறினாலே உடைந்துபோகும். நல்ல தண்ணீரில் நான்கைந்து முறை அலசி, பி.எச். தாள் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 6-க்கு மேல் காட்டியதும் அடுத்த படி.

புரதத்தை எடுப்பது

இங்கே பாத்திரம் மாறுகிறது. எவர்சில்வர் குண்டானில் 5 லிட்டர் தண்ணீர், 200 கிராம் காஸ்டிக் சோடா செதில். அலுமினியப் பாத்திரம் கண்டிப்பாகக் கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும், அது தீப்பற்றும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, செதிலைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்து, ஓட்டைப் போட்டு 80 டிகிரியில் இரண்டு மணி நேரம். கொதிக்க விட வேண்டியதில்லை. தண்ணீர் காப்பி நிறத்துக்கு வரும், அது கழன்ற புரதம்.

வடித்து, கை வழவழப்பு போகும் வரை அலசி, நிழலில் காய வைத்தால் 100 முதல் 125 கிராம் கைட்டின் கிடைக்கும். இளஞ்சிவப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். கடையில் விற்பதற்குத்தான் அதை வெளுக்க வேண்டும், கழிவுநீருக்கு வேண்டாம். பிளீச்சிங் போட்டு வெளுப்பவர்கள் நிறத்தோடு சங்கிலி நீளத்தையும் இழக்கிறார்கள்.

இப்போது கையில் இரண்டு கழிவு வாளிகள் இருக்கும், ஒன்று அமிலம், ஒன்று காரம். இரண்டையும் ஓடையில் ஊற்றிவிட்டு ‘இயற்கை முறை’ என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. ஆறியபின், திறந்த வெளியில், கார வாளியில் அமிலத்தை மெல்ல மெல்லச் சேருங்கள். மீதமிருக்கும் அமிலமும் காரமும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டும் அளவில்தான் மேலே கணக்கு போட்டிருக்கிறோம். வெண்மையாகத் திரண்டால் சுண்ணாம்பு. பழுப்பாகத் திரண்டால் புரதம். பி.எச். 7 பக்கம் வந்ததும் துணியில் வடித்தால், தண்ணீரில் பெரும்பாலும் உப்புதான் மிஞ்சும். தென்னை மூட்டில் தொடர்ந்து ஊற்றக் கூடாது, நிறைய நல்ல தண்ணீரோடு கலந்து பரவலாக விடலாம்.

கைட்டினைக் கைட்டோசானாக்குவது

கைட்டின் எதிலும் எளிதில் கரையாது. 1859-ல் பிரெஞ்சு உடலியலாளர் ரூஜே அதைச் செறிந்த காரத்தில் கொதிக்க வைத்தபோதுதான் அமிலத்தில் கரையும் பொருளாக மாறியது. இன்றும் அதே வழிதான். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்பக் கழகம் இறால் ஓட்டிலிருந்து இதைச் செய்யும் முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கிவிட்டது.

அளவு இது: 100 கிராம் கைட்டின், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ காஸ்டிக் கரைத்த 50 சதவீதக் கரைசல், 100 முதல் 110 டிகிரி, மூன்று மணி நேரம், மூடி போட்டு. மூடி போடுவது நாற்றத்துக்காக அல்ல. சூடான காரத்தில் காற்றின் ஆக்ஸிஜன் பட்டால் சங்கிலி அறுந்துகொண்டே போகும்.

இந்தப் படியை வீட்டு அடுக்களையிலோ முற்றத்திலோ செய்யக் கூடாது. 50 சதவீதக் காரம் கரைக்கும்போதே தானாகக் கொதிநிலைப் பக்கம் போகும், ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வை போகும். புகை உறிஞ்சியும் கண் கழுவும் குழாயும் இருக்கிற கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில், பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்ய வேண்டிய வேலை. அந்த வசதி இல்லையென்றால் கைட்டோசான் தூளை விலைக்கு வாங்கி, அடுத்த பகுதியிலிருந்து தொடங்குங்கள். பலன் ஒன்றுதான்.

அலசிக் காய்ந்தபின் 75 முதல் 80 கிராம் வரும். எடை குறைவது இழப்பல்ல, அசிட்டைல் என்ற பகுதி கழன்றதன் அடையாளம். முழுவதும் கழன்றால் 100 கிராம் 80 கிராமுக்குச் சற்றுக் கீழே இறங்கும். சோதனை எளிது. ஒரு சிட்டிகையை நீர்த்த வினிகரில் போட்டு ராத்திரி வையுங்கள். முழுக்கக் கரைந்து கஞ்சித் தெளிவு போல ஆனால் சரி. வழுவழுவென்று வீங்கி, நடுவே துண்டு துண்டாக நின்றால் மாற்றம் போதவில்லை, புதுக் காரத்தில் இன்னொரு முறை போக வேண்டும்.

கரைசலும் ஐந்து பாட்டிலும்

கடை வினிகர் 4 சதவீதம் என்றால், 25 மில்லி வினிகரில் 75 மில்லி தண்ணீர். அதில் 1 கிராம் கைட்டோசான். ராத்திரி ஊற விட்டு, காலையில் கிளறித் துணியில் வடிக்கவும். இந்த ஒரு சதவீதக் கரைசலின் வசதி என்னவென்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லி விட்டால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். மனக்கணக்கே போதும். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும், அமிலத்தில் கிடந்து கொழகொழப்பும் குறையும். காய்ந்த செதிலாக இருக்கும் வரை, ஈரம் படாத டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கும்.

வாயகன்ற ஒரு லிட்டர் பாட்டில் ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரே வாளியிலிருந்து, நன்றாகக் கலக்கி எடுத்த தண்ணீர். பி.எச். பாருங்கள். 6.5-க்கு மேல் இருந்தால் வினிகர் விட்டு 6-க்கு இறக்குங்கள். கைட்டோசானின் மின்சுமை 6.5-ஐத் தாண்டினால் வேகமாகப் போய்விடும், கரைசல் தண்ணீரில் விழுந்ததும் வெள்ளை நூல் நூலாகப் பிரிந்து நிற்கும். மீன் புரதத்துக்கும் பி.எச். 5.5 பக்கம் சுமை குறைவு, அதனால் சேர்வது இன்னும் சுலபம். பி.எச்.-ஐ இறக்குவதாலேயே கலங்கல் பாதி அடங்குவது சில தண்ணீரில் கண்ணுக்குத் தெரியும்.

ஊசியில்லா சிரிஞ்சால் பாட்டில்களில் முறையே 2, 4, 6, 8, 10 மில்லி கரைசல். ஒரு நிமிடம் வேகமாக, விநாடிக்கு இரண்டு சுற்று. பிறகு பத்து நிமிடம் மெதுவாக, மூன்று விநாடிக்கு ஒரு சுற்று. மெதுவான கிளறலில்தான் திரள் வளரும். ஐந்தாவது நிமிடத்தில் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால், கலங்கலுக்குள் ரவை போலப் புள்ளிகள் தெரியும். பத்தாவது நிமிடத்தில் அவை அவல் அளவுக்கு வந்து, இடையில் தண்ணீர் கண்ணாடியாகத் தெரியத் தொடங்கும். அரை மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு, பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடியுங்கள். எழுத்து எந்தப் பாட்டிலில் தெளிவாகத் தெரிகிறதோ அதுதான் அளவு. இரண்டு பாட்டில் ஒன்றுபோல இருந்தால் குறைந்த அளவை எடுங்கள்.

10 மில்லி பாட்டில் 4 மில்லி பாட்டிலைவிடக் கலங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன அதிக அளவின் விளைவுதான் அது. ‘கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் தெளியும்’ என்ற நினைப்பு இந்த வேலையில் ஒருபோதும் பலிக்காது. நேற்றைய அளவும் இன்றைக்குப் பொருந்தாது. காலையில் நெத்திலி, மத்தியானம் சாளை என்றால், மத்தியானத் தண்ணீருக்கு மறுபடி ஐந்து பாட்டில் வைக்க வேண்டும்.

டிரம்

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். அடியிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் ஒரு குழாய், அடியிலேயே கசடு எடுக்க இன்னொன்று. தண்ணீர் உள்ளே வரும்போதே கொசுவலையால் செதிலும் குடலும் வடிகட்டப்பட வேண்டும். பாட்டிலில் 4 மில்லி சரியென்றால் டிரம்முக்கு 800 மில்லி, அதாவது 8 கிராம் கைட்டோசான். ஒரே இடத்தில் ஊற்றாமல், 5 லிட்டர் தண்ணீரில் நீர்த்து, ஒருவர் தென்னை மட்டையால் சுழற்றிக்கொண்டிருக்க மற்றவர் சுற்றிலும் ஊற்றினால் சமமாகக் கலக்கும். வேகச் சுற்று ஒரு நிமிடம், மட்டையை எதிர்ப்பக்கம் பிடித்துச் சுழற்சியை நிறுத்தி, பிறகு மெதுச் சுற்று.

சாளை கழுவிய தண்ணீரில் ஒரு சிக்கல் தவறாமல் வரும். திரள் அடியில் இறங்காமல் மேலே மிதக்கும். சாளையில் எண்ணெய் அதிகம், திரள் அந்த எண்ணெயையும் குமிழையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு இலேசாகிவிடுகிறது. இதைத் தோல்வி என்று நினைத்து இன்னும் கைட்டோசான் ஊற்றிக் கெடுத்துவிடுவார்கள். 20 செ.மீ. உயரத்திலுள்ள குழாயைத் திறங்கள், தெளிந்த தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. மேல் மட்டம் குழாய்க்கு ஒரு சாண் மேலே வந்ததும் மூடிவிட்டு, மிதப்பதைச் சல்லடைக் கரண்டியால் வழித்தெடுங்கள்.

சோப்புத் தண்ணீர் கலந்தால் வேலை கெடும். சோப்பும் டிடர்ஜென்டும் எதிர்மின்சுமை கொண்டவை, போட்ட கைட்டோசானை முதலில் அவை வாங்கிக்கொள்ளும். தரை கழுவிய தண்ணீரைத் தனியே விடுங்கள். பிளீச்சிங் பவுடரும் முன்னால் போடக் கூடாது, குளோரின் சங்கிலியை வெட்டும். போட வேண்டுமென்றால் தெளிந்து வடித்த பின். கடல் தண்ணீரில் கழுவியிருந்தால், உப்பு மின்சுமையை மறைத்துவிடுவதால் நல்ல தண்ணீருக்கான அளவு பொருந்தாது, பாட்டில் சோதனையும் தனி.

ரப்பர் ஷீட் தண்ணீருக்கு

குலசேகரம், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துத் தோட்டங்களில் ஷீட் அடித்தபின், ரப்பர் பாலை உறைய வைக்கும் டிஷ்ஷில் மிஞ்சும் தண்ணீர் ஏற்கெனவே பார்மிக் ஆசிட்டால் புளித்தது, பி.எச். 5 பக்கம் இருக்கும். கைட்டோசானுக்கு வினிகர்கூட வேண்டாம். ஆனால் அதற்கு முன் காசில்லாத ஒரு வேலை உண்டு. பால் வாளி கழுவிய வெள்ளைத் தண்ணீரை இந்தப் புளித்த தண்ணீரோடு ஒரே தொட்டியில் விடுங்கள். உறையாத ரப்பர் பாலில் பெரும்பகுதி அந்த அமிலத்திலேயே திரண்டு மேலே வந்துவிடும். ராத்திரி விட்டுக் காலையில் அதை எடுத்தபின், மிஞ்சிய வெள்ளைக் கலங்கலுக்கு மட்டும் ஐந்து பாட்டில் வைத்தால் கைட்டோசான் செலவு குறையும். கடைசியில் நீற்றுச் சுண்ணாம்புத் தெளிவு விட்டு பி.எச். 7-க்குக் கொண்டுவராமல் மண்ணில் விட வேண்டாம்.

குளத்துச் செம்மண் கலங்கலுக்கு

இங்கே கைட்டோசான் தேவையே இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. மழையில் செம்மண் கரைந்த குளத்துத் தண்ணீருக்கு முருங்கை விதை போதும். அதிலுள்ள நேர்மின்சுமைப் புரதம் இதே வேலையைச் செய்கிறது. மரத்திலேயே காய்ந்த நெற்றை உடைத்து, தொலியும் இறகும் நீக்கி, வெள்ளைப் பருப்பை மட்டும் இடித்து, 5 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் ஐந்து நிமிடம் கலக்கித் துணியில் வடித்தால், இதிலும் 1 மில்லிக்கு 10 மில்லிகிராம் கணக்குதான். இலேசான கலங்கலுக்கு லிட்டருக்கு 50, செம்பழுப்புக்கு 200 மில்லிகிராம் வரை பாட்டிலில் பார்க்கவும். தண்ணீருக்குப் பதில் லிட்டருக்கு 30 கிராம் கல் உப்பு போட்ட கரைசலில் கலக்கினால் புரதம் அதிகமாக இறங்கும், விதை குறைவாகவே போதும். மிக இலேசான கலங்கலில் முருங்கை திணறும், மோதிச் சேர அதில் போதுமான துணுக்கு இல்லை.

தேத்தாங்கொட்டையை மண்பானையின் உள்பக்கம் உரைப்பதும் இதே வகை வேலைதான். குடத்தளவுக்கு அது அழகாகப் போதும், டிரம்முக்கு உரைத்து மாளாது.

முருங்கையால் தெளிந்த தண்ணீரை அன்றைக்கே எடுத்துக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். கிருமிகளில் பெரும்பாலானவை கசடோடு இறங்கினாலும் மிச்சம் இருக்கும். விதையின் புரதமும் எண்ணெயும் கொஞ்சம் தண்ணீரில் நின்றுவிடுவதால், அடுத்த நாள் அதைத் தின்று கிருமி பெருகும், வாடையும் வரும். அடிக்கசடு கலையாமல் மேல் தண்ணீரை மட்டும் சாய்த்தெடுங்கள். மீன், ரப்பர் தண்ணீர் எவ்வளவு தெளிந்தாலும் குடிக்கவோ கிணற்றோரம் விடவோ கூடாது. கரைந்த சர்க்கரையும் அம்மோனியாவும் எந்தத் திரளிலும் சிக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரிலேயே இருக்கும். கல்வாழை நட்ட சரளைப் பாத்தி ஒன்றின் வழியே மெதுவாக ஓட விட்டு, பிறகு தென்னைக்கு விடலாம்.

மீன் கசடைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டால் ராத்திரிக்குள் தண்ணீர் வடிந்து தயிர்க்கட்டி போல நிற்கும். அன்றைக்கே ஒரு பங்குக்கு மூன்று பங்கு தும்புக் கழிவும் சருகும் கலந்து, ஒரு சாண் மண் மூடிக் குழியில் போடுங்கள். மண் மூடாமல் விட்டால் மறுநாள் காலையில் ஈயும் நாயும் வந்துவிடும்.